கே. முராத்தா

ஷூவின் நாக்கைத் தூக்கிப் பார்த்தபோது
அழியாத மையில் ஒரு பெயர்:
கே. முராத்தா.
ஜப்பான்காரர் என்றாள் கடைக்காரி பசிட்டா.
கொரியாவிலிருந்து வந்த மூட்டைக்குள்
ஜப்பான் எப்படி வந்தது என்று கேட்டேன்.
ஐம்பது பெசோ குறைத்தாள்.

டோண்டோவில், பாலத்துக்குக் கீழே,
உலகம் கழற்றிப் போட்டதெல்லாம்
மலையாகக் குவிந்து கிடக்கும் கடை அது.
மலையின் அடியில் இந்த ஜோடி.
கணுக்காலை மூடும் உயரம்,
வெள்ளைத் தோலில் ஒற்றைச் சிவப்புப் பட்டை,
மூக்கில் வரிசையாகக் காற்றுத் துளைகள்.
எண்பத்தைந்தில் ஆட்டக்காரர்கள் போட்ட அதே வார்ப்பு.
ஆனால் எண்பத்தைந்தில் பிறந்ததல்ல.
அடிரப்பரின் பழுப்பைக்கூட
தொழிற்சாலையிலேயே பூசி அனுப்பியிருக்கிறார்கள்.
முதுமையைப் பெட்டியோடு வாங்கலாம் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
நாற்பத்தாறு வருடம் செலவழித்துச்
சேர்த்து வைத்திருக்கிறேன்.

குதிகாலுக்கு அடியில் இருந்த பள்ளம் மட்டும்
தொழிற்சாலையின் வேலை இல்லை.
அது முராத்தா.
சற்று வெளிப்பக்கம் சாய்ந்து நடந்தவர்.
இடது பெருவிரலை ஊன்றியவர்.
பாதம் உள்ளே போனதும்
யாரோ எழுந்துபோன நாற்காலியின் சூட்டில்
உட்கார்ந்தது மாதிரி இருந்தது.
புது ஷூ முதல் வாரம் கடிக்கும்.
இதன் கடியையெல்லாம்
ஏதோ ஒரு ரயில் நிலையத்துப் படிகளில்
அவரே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறேன்.
பன்னிரண்டு மணி நேரம்.
தாவுவதற்கென்று செய்த ஷூ
என்னோடு நிற்கிறது.
கழுத்துப் பகுதியில் வைத்த பஞ்சு
ஒரு காலத்தில் மூன்று முறை பிசகிய எலும்பை
கேள்வி கேட்காமல் பிடித்துக்கொள்கிறது.
டிரைசிக்கிள்காரர்கள் டேங்க்கைத் திறக்குமுன்
என் காலைப் பார்த்து விசிலடிக்கிறார்கள்.
தலையில் முடி இல்லாததை
அதற்குப் பிறகுதான் கவனிக்கிறார்கள்.

ஜூலையில் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியபோது
லுடிவினா அரிசி டப்பாவைத் தூக்கினாள்.
நான் லேஸ் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்
கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன்.
அதைப் பற்றி இன்னும் பேசுகிறாள்.
சாப்பிடும்போது பேசுகிறாள்.

நேற்றுவரை எங்கள் கூடைப்பந்து மைதானத்தில்
கிழவர் இசித்ரோவின் சவப்பெட்டி இருந்தது.
இன்று பந்தலைப் பிரித்த கையோடு
பந்து வந்துவிட்டது.
மெழுகு சொட்டிய சிமெண்டில்
ரப்பர் செருப்போடு பத்துப் பையன்கள்.
வேலை முடிந்து வந்தவன் கோட்டுக்கு வெளியே நின்றேன்.
ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள் எங்கள் தெருக்காரர்கள்.
பெஞ்சோ ஓடிவந்தான், பதினாலு வயது,
மூச்சு வாங்க,
"குயா, ஷூ தாங்க."

உன் காலுக்கு இது படகுடா.

"இடது மட்டும் போதும்.
நான் இடதுல ஊன்றித்தான் எழும்புவேன்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
அதற்குள் குனிந்து
லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தது என் கை.
அவன் அதைக் கணுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினான்.
நான் ஒரு காலில் ஷூ,
மறு காலில் ஓட்டை சாக்ஸ்,
அந்த ஓட்டையைக் காய்கறிக்காரி பார்க்காதபடி
மற்ற பாதத்தின் பின்னே மறைத்துக்கொண்டு.

பந்து அவன் கைக்குப் போனது.
செருப்பு, ஷூ, செருப்பு, ஷூ.
சட், கிறீச்,
சட், கிறீச்,
சட்—

அப்புறம் சத்தமே இல்லை.

குனிந்து பார்த்தேன்.
முராத்தாவின் பள்ளத்தை விட்டு
என் வலது குதிகால்
ஒரு விரற்கடை எழும்பியிருந்தது.